முகமில்லாத தண்டல்காரர்!

காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை வஞ்சிரத்துக்குப் பேரம் பேசுகிறவனை யாரும் நடுவில் கூப்பிடக் கூடாது. அது ஒரு தவம். மீன்கார அக்காவோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டி, "சரி, எட்த்துக்கினு போ நைனா" என்று அவர் வாய் திறக்கிற அதே விநாடியில் என் சட்டைப்பை அலறியது.

"சார், உங்களுக்கு 5 லட்ச ரூபாய் பர்சனல் லோன் ரெடியா இருக்கு!"

அடடா, என்ன ஒரு தேன் குரல்! சொந்த மச்சானிடம் ஐந்நூறு ரூபாய் கேட்டால் அவன் ஊரில் இல்லை என்கிறான். முகம் தெரியாத ஒரு பெண்மணி ஐந்து லட்சத்தை வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறார். நெகிழ்ந்துபோய்ப் பேசி முடித்துத் திரும்பினால், என் வஞ்சிரம் வேறொருவர் பையில் போய்க்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து நான் உஷார். கடன் கொடுக்கிறேன் என்று யார் கூப்பிட்டாலும், "அஞ்சு லட்சம் இருக்கட்டும் மேடம். அவசரமா ரெண்டாயிரம் கைமாத்தா கிடைக்குமா?" என்று கேட்டுவிடுவேன். மறுமுனையில் மயான அமைதி.

ஒருநாள் 'மும்பை போலீஸ்' கூப்பிட்டது. என் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருளாம். வீடியோவில் உட்கார வைத்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' செய்வார்களாம். "சார், நான் இருக்கிறது ராயபுரம். பக்கத்திலேயே ஹார்பர். தினமும் எத்தனையோ பெட்டி இறங்குது. கன்டெய்னர் நம்பர் சொன்னாத் தேடிப் பார்க்கிறேன்" என்றேன். போலீஸ் தலைமறைவாகிவிட்டது! (அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமரே ரேடியோவில் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் பென்ஷன் பணத்தைப் பறிகொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.)

இப்படி எல்லாவற்றையும் சிரித்தே சமாளித்துவிடலாம் என்று மமதையில் இருந்தபோதுதான் அந்த மூன்றாவது ரகம் வந்தது.

"உங்க ஃப்ரெண்ட் லோன் வாங்கிட்டு ஏமாத்தறான். நீங்கதான் கேரண்டி. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள பணம் வரலைன்னா நடக்கறதே வேற!"

காலை ஆறு மணிக்கு இந்தச் சுப்ரபாதம். நான் மாதத்தில் பாதி நாள் கணக்கு எழுதப் போகும் கன்டெய்னர் கிடங்கில் வேலை பார்க்கும் ஒரு தம்பியின் பெயரைச் சொன்னான். 'ராங் நம்பர்' என்று வைத்துவிட்டேன். அதோடு விட்டிருக்கலாம். மத்தியானம் கேன்டீனில், "எவனோ ஒருத்தன் கடனுக்கு என்னைக் கேரண்டி ஆக்கிட்டான்பா! என் கேரண்டிக்கு எங்க வீட்டுப் பூனை கூட பால் குடிக்காது" என்று எடுத்துவிட்டேன். மேஜையே சிரித்தது. பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த மேஜையில் அந்தத் தம்பி உட்கார்ந்திருந்ததை நான் பார்க்கவும் இல்லை.

மறுநாள் அவன் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. போன் 'ஸ்விட்ச்டு ஆஃப்'. மூன்றாம் நாள் என் வயிற்றில் புளி கரைந்தது.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் அவன் வீடு. "காய்ச்சல்னு லீவு போட்டிருக்கான்பா. காத்து வாங்கப் போயிருக்கான்" என்றார் அவன் அம்மா. எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் கடல் அரிப்புக்காகக் கொட்டியிருக்கும் கருங்கல் ஒன்றின் மேல் உட்கார்ந்து அலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"ஏன்டா, எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"போனை ஆன் பண்ணாத்தானேண்ணா பண்றதுக்கு!"

அவனும் சிரித்தான். உடனே அழுதான்.

கணக்கு இதுதான். தங்கச்சி காலேஜ் ஃபீஸுக்காக ஒரு செயலியில் 5,000 ரூபாய் கடன். பிடித்தம் போக கைக்கு வந்தது 3,500. ஏழாம் நாள் 5,000 கட்ட வேண்டும். நான் பி.காம். ஆயிற்றே, மணலில் குச்சியால் போட்டுப் பார்த்தேன். வருஷத்துக்கு இரண்டாயிரம் சதவிகிதத்துக்கு மேல் வட்டி! அதைக் கட்ட இன்னொரு செயலி, அதற்கு இன்னொன்று. தவணை தவறியதும், அவன் போனிலிருந்து உருவிய நம்பர்கள் ஒவ்வொன்றுக்கும் அழைப்பு. அவன் போட்டோவை அசிங்கமாக ஒட்டி வெட்டி, "அடுத்து உன் தங்கச்சிக்கு அனுப்பறோம்" என்று மிரட்டல்.

நம் வட சென்னைக்குத் தண்டல் புதிதல்ல. பத்தாயிரத்தில் முன்கூட்டியே பிடித்துக்கொண்டு, தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் வசூலிப்பார்கள். அதுவும் தர்மமில்லைதான். ஆனால் தண்டல்காரருக்கு முகம் உண்டு. வாசலில் நின்று கத்துவார், தெருவே கேட்கும், நாலு பேர் சமாதானத்துக்கு வருவார்கள். இந்தச் செயலிக்காரனுக்கு முகமே இல்லை. நம் வெட்கம் ஒன்றுதான் அவன் முதலீடு. நாம் யாரிடமும் சொல்லாமல் இருக்கிறவரை அவனுக்கு லாபம். கேன்டீனில் நான் அடித்த ஜோக், அவனுக்கு நான் செய்துகொடுத்த இலவச வசூல் வேலை!

வீட்டுக்கு இழுத்துப் போய் அம்மாவிடம் சொல்ல வைத்தேன். திட்டுவார் என்று பயந்தோம். "இருவது வருஷமா வாசல்ல வந்து நின்ன தண்டல்காரனையே பார்த்தவடா நானு. மூஞ்சியே இல்லாதவனுக்கா பயந்துகினு இருந்த?" என்றவர், போனை ஆன் செய்யச் சொல்லி, அடுத்த அழைப்பைத் தானே எடுத்தார்.

"யாருப்பா... பணமா? நேர்ல வா. மீன் கொழம்பு வெச்சிருக்கேன். துன்னுட்டு கணக்கு பேசலாம். உன் பேரு இன்னா? ஆபீஸ் எங்க?"

லைன் கட்!

அப்புறம் நடந்ததை உங்களுக்கும் பயன்படும் என்பதால் சொல்கிறேன். 1930-க்குப் போன் செய்து சைபர் கிரைம் புகார் கொடுத்தோம். மிரட்டல் செய்திகள் எதையும் அழிக்கவில்லை; அதுதானே சாட்சி! வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடன் வாங்கியவரைக் கூப்பிடக் கூடாது என்று 2022-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கடன் செயலிகள் நம் போனில் உள்ள நம்பர் பட்டியலைத் தொடக் கூடாது என்பதும் அதே வருஷத்து விதி. கடனுக்காக மிரட்டினால் சிறை, அபராதம் என்று தமிழ்நாட்டில் 2025-ல் தனிச் சட்டமே வந்தாயிற்று. இவர்களைப் பிடிக்கவே முடியாது என்றும் நினைக்காதீர்கள். 2021 ஜனவரியில் நம் சென்னை மத்திய குற்றப்பிரிவு போலீஸ் பெங்களூரு வரை போய், செயலிக் கடன் வழக்கில் ஆட்களைப் பிடித்தது. அதில் இரண்டு பேர் சீனர்கள்!

ஐந்து லட்சம் தேன் குரலுக்கும் மருந்து உண்டு. 1909-ல் பதிவு செய்தால் விளம்பர அழைப்புகள் குறையும். மீறி வந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

வாங்கின கடனைக் கட்டத்தான் வேண்டும், அதில் இரண்டு பேச்சு இல்லை. அதற்கு வட்டியாக மானத்தையும் கட்ட வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. தம்பி இப்போது வேலைக்கு வருகிறான். நான் கேன்டீனில் ஜோக் அடிப்பதற்கு முன்னால் அடுத்த மேஜையை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

இதோ, எழுதிக்கொண்டிருக்கும்போதே போன்! புது நம்பர்.

"சார், போன வாரமே தர்றேன்னீங்க. இன்னும் வரலை. இன்னிக்குக் கண்டிப்பா வந்தாகணும்!"

மணியைப் பார்த்தேன். இரவு ஏழரை. "மிஸ்டர், ஏழு மணிக்கு மேல வசூலுக்குக் கூப்பிடக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கு, தெரியுமா?" என்று சீறினேன்.

"யோவ், நான் எடிட்டர் பேசறேன்! கட்டுரை எங்கேய்யா?"