பகைவரின் நாட்டில் பசித்திருப்போர்

கொடுங்கோல் ஆட்சி நடக்கும் நாட்டிற்கு உதவி அனுப்பலாமா? அது ஆட்சியாளரின் கையைத்தானே பலப்படுத்தும்? நம்மில் பலர் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. ஆப்கானிஸ்தானை முன்வைத்துச் சிந்திப்போம்.

2021 ஆகஸ்டு 15 அன்று தலிபான்கள் காபூலைக் கைப்பற்றினர். அதுவரை அந்நாட்டு அரசுச் செலவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வெளிநாட்டு உதவியால் நடந்துவந்தது. அது சட்டென நின்றது. மைய வங்கியின் சுமார் 700 கோடி டாலர் அமெரிக்காவில் முடக்கப்பட்டது. ஆசிரியர்களும் செவிலியர்களும் சம்பளமின்றித் தவித்தனர். தண்டிக்க நினைத்தது ஆட்சியாளர்களை. பட்டினி கிடந்தவர்களோ பொதுமக்கள்.

அப்போது நம் நாடு செய்தது கவனிக்கத்தக்கது. தலிபான் ஆட்சியை இந்தியா அங்கீகரிக்கவில்லை. 1999-இல் கடத்தப்பட்ட நம் விமானம் காந்தகாரில் நின்றதை நாம் மறக்கவுமில்லை. ஆயினும் 50,000 டன் கோதுமை தருவதாக அறிவித்து, 2022 பிப்ரவரியில் முதல் தொகுதியைப் பாகிஸ்தான் வழியாகவே லாரிகளில் அனுப்பியது. அது ஆட்சியாளரிடமன்று, ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

சிக்கல் இதோடு தீரவில்லை. மக்களுக்குப் பிறர் உணவளித்தால் ஆட்சியின் சுமை குறையத்தான் செய்யும். மேலும், 2022 டிசம்பர் 24 அன்று தொண்டு நிறுவனங்களில் பெண்கள் பணியாற்றத் தலிபான்கள் தடை விதித்தனர். அந்நிய ஆண் நுழைய முடியாத வீட்டில், கணவனை இழந்த தாயின் பசியைப் பெண் ஊழியரன்றி யார் கேட்டறிவார்? பல நிறுவனங்கள் பணியை நிறுத்தின. சில வாரங்களில் மருத்துவம், ஊட்டச்சத்து போன்ற பணிகளில் பெண்கள் தொடர அனுமதி கிடைத்தபின், சில நிறுவனங்கள் அந்த அளவில் மீண்டும் தொடங்கின. அவர்கள் முற்றிலும் பணிந்துபோகவில்லை, மக்களைக் கைவிடவுமில்லை.

நிபந்தனை வேண்டும்தான். ஆனால் அது உணவு சேரும் வழியைப் பற்றியதாக இருக்கட்டும். பட்டியல் எடுப்பது யார், பங்கிடுவது யார், சரிபார்ப்பது யார் என்று கேட்கலாம். ஆட்சியாளர் திருந்தினால்தான் கஞ்சி என்றால், அவர்களின் பாவத்திற்குக் குழந்தைகள் பட்டினி கிடக்க நேரும்.

சமாரியாவில் சிக்கிய சிரியப் படையினரை வெட்டலாமா என்று அரசன் கேட்டபோது, உணவளித்து அனுப்பச் சொன்னார் இறைவாக்கினர் எலிசா. அவர்களாவது வாளேந்தி வந்த எதிரிகள். ஆப்கானியக் குழந்தை யாருக்கு எதிரி?

2023-இல் நிதி போதாமல் உலக உணவுத் திட்டம் அங்கே ஒரு கோடிப் பேருக்கு உதவியை நிறுத்த நேர்ந்தது. இத்தகைய நாட்டிற்காக நம் பங்கில் காணிக்கை எடுக்கும்போது, 'அங்கே ஆள்வது யார்?' என்பதோடு நின்றுவிடாமல், 'இது யார் கைவழியே போகிறது?' என்றும் கேட்போம். பதில் சரியெனில், தயங்காமல் கொடுப்போம்.