பின்பலகையை அளக்காமல் எஞ்சினுக்கு விலை சொல்லலாமா?

கந்தப்பளை என்றால் கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு லொறிகள்தான் நினைவுக்கு வரும். படகு எஞ்சினுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பக்கத்தில்தான் நுவரெலியா. அங்கே 1873ஆம் ஆண்டில் ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் அமைக்கப்பட்ட கிரகரி வாவியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் மோட்டார் படகுகள் ஓடுகின்றன. மரக்கறி விலை ஒரு வாரம் ஏறி மறுவாரம் விழுகின்ற ஊரில், கையில் கொஞ்சம் முதல் சேர்ந்தவர் வேறொரு தொழிலில் கைவைக்க நினைப்பது இயற்கை. அனுமதி, காப்புறுதி விடயங்களை இன்னொரு வாரம் பார்க்கலாம். இங்கே சொல்ல வருவது எஞ்சினைப் பற்றி.

படகை ஓரிடத்திலும் எஞ்சினை இன்னோரிடத்திலும் வாங்குவதுதான் பொதுவான வழக்கம். விற்பவர் குதிரைவலுவைக் கேட்பார், விலையைச் சொல்வார். படகின் பின்பலகை எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று கேட்பவர் அரிது. அதைக் கேட்காமல் வெளியிணைப்பு இயந்திரத்தை விற்பது, காலை அளக்காமல் சப்பாத்து விற்பதைப் போன்றது என்பதே எனது அபிப்பிராயம்.

காரணம் இதுதான். இந்த எஞ்சின்கள் பெரும்பாலும் 12 முதல் 14 பாகை வரை பின்னோக்கிச் சாய்ந்த பலகைக்கென்றே தயாரிக்கப்படுகின்றன. அந்தச் சாய்வு இருந்தால்தான் எஞ்சினின் காலைப் படகின் பக்கமாக உள்ளே இழுத்து வைக்க முடியும். பலகை செங்குத்தாக இருந்தால், ஊசியை எந்தத் துளையில் போட்டாலும் கால் வெளியே தள்ளியே நிற்கும். அணியம் தூக்கும், பின்பக்கம் அமிழும், படகு குதித்துக் குதித்து ஓடும். எரிபொருள் வீணாகும். பயணி பயந்துபோய் அடுத்த முறை வேறு படகில் ஏறுவார்.

மலைநாட்டில் இது இரட்டை நட்டம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 6,128 அடி உயரம். காற்று ஐதாக இருப்பதால் ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 3 வீதம் என்ற கணக்கில் எஞ்சினின் பலம் குறையும். கரையில் 25 குதிரைவலு கொடுத்த எஞ்சின் வாவியில் சுமார் 20தான் கொடுக்கும். இருக்கும் பலத்தில் பாதியை அணியத்தைத் தூக்குவதற்கே செலவழித்தால் படகு எப்படி ஓடும்? கரையில் நன்றாக ஓடியது என்று விற்றவர் சத்தியம் செய்வார். அது பொய்யாகவும் இருக்காது. இந்த உயரத்துக்குப் பிட்ச் குறைந்த புரொப்பெல்லர் தேவைப்படலாம் என்பதை அவரிடம் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

அளப்பதற்கு விசேட கருவி வேண்டாம். மேசன்மார் வைத்திருக்கும் தூக்குக்குண்டும் ரசமட்டமும் அடிமட்டமும் போதும். படகைத் தரையில் ஏற்றி, அடிப்பாகம் மட்டமாக இருக்கும்படி முட்டுக்கொடுங்கள். எல்லாப் பிழையும் இந்த இடத்தில்தான் வரும். படகு சாய்ந்திருந்தால் அளவும் பொய்யாகும். பின்பலகையின் மேல் விளிம்பு நடுவிலிருந்து நூலைத் தொங்கவிடுங்கள். நூலில் 20 அங்குலம் கீழே ஓர் அடையாளம் வைத்து, அங்கிருந்து பலகை வரை மட்டமாக அளந்து பாருங்கள். 4¼ அங்குலம் இருந்தால் 12 பாகை. 5 அங்குலம் இருந்தால் 14 பாகை. இடைவெளியே இல்லாவிட்டால் பலகை செங்குத்து. அதே கையோடு பலகையின் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 15 அங்குலமானால் குட்டைக்கால், 20 ஆனால் நெட்டைக்கால் எஞ்சின்.

ஓரிரண்டு பாகை குறைந்தால் மேற்பக்கம் தடித்த ஆப்புத் துண்டை வைத்துச் சமாளிக்கலாம். பத்துப் பாகை குறைந்தால் ஆப்பு உதவாது, பலகையையே மாற்றிக் கட்ட வேண்டும். துளை போட்ட பிறகு இதைக் கண்டுபிடிப்பதில் பிரயோசனம் இல்லை. பைபர் படகின் பின்பலகைக்குள் அநேகமாகப் பலகையோ பிளைவூட்டோ இருக்கும். தவறான துளையை ஒழுங்காக அடைக்காவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கி, வெளியே தெரியாமல் உளுத்துப்போகும்.

ஒரே அச்சில் வார்த்த படகுதானே, ஒன்றை அளந்தால் போதாதா என்று சிலர் வாதிடுவார்கள். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு நன்கொடைப் பணத்தில் அவசரமாகக் கட்டிக் கொடுக்கப்பட்ட பைபர் படகுகளில் பல தரக்குறைவானவை என்பது அப்போதே பேசப்பட்ட விடயம். பழைய படகு கைமாறி மலைக்கு வரும்போது அது எங்கே, யாரால், எந்த அச்சில் வார்க்கப்பட்டது என்று யாருக்குத் தெரியும்? இடையில் ஒருவர் பலகையை வெட்டித் திருத்தியிருக்கவும் கூடும்.

ஆகவே எஞ்சின் விற்பவரும் பொருத்துபவரும் அளவெடுத்த பின்னரே விலை சொல்ல வேண்டும். அதற்கு அரை மணித்தியாலம் போதும். அதற்கான கூலியைக் கேட்டு வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பாகையையும் உயரத்தையும் பில்லில் எழுதி இருவரும் கையொப்பமிட்டால், நாளை படகு ஓடவில்லை என்று பிரச்சினை வரும்போது யார் செலவை ஏற்பது என்ற சண்டை பாதியாவது குறையும். வாங்குபவரும் அந்த வரி இல்லாத பில்லுக்கு முற்பணம் கொடுக்கக் கூடாது.