கருங்குன்றுகள் யாருடையவை?

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் கோடை விடுமுறையில் தெற்கு டகோட்டா மாநிலத்தின் ரஷ்மோர் மலைக்குச் செல்வதுண்டு. நான்கு அதிபர்களின் முகங்களுக்கு முன்னே பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுப்பதும் உண்டு. அம்மலை எவருடைய மண்ணில் நிற்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கும் பெற்றோர் எத்தனை பேர்?

லக்கோட்டா மக்களின் ஏழு பிரிவுகளுள் ஒன்று ஒக்லாலா. கருங்குன்றுகள் அவர்களுக்குப் புனித மண். 1866இல் தம் வேட்டை நிலத்தின் ஊடே கோட்டைகள் எழுப்பிய அமெரிக்கப் படையை ஒக்லாலாத் தலைவர் ரெட் கிளவுட் எதிர்த்து நின்றார். ஈராண்டுகளில் அக்கோட்டைகளை அரசு கைவிட்டது. அதன் பின்னரே அவர் 1868ஆம் ஆண்டின் லாரமி கோட்டை ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டார். வயது வந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் இசைந்தாலன்றி அந்நிலம் கைமாறாது என அவ்வொப்பந்தம் உறுதியளித்தது.

1874இல் அங்கே தங்கம் கண்டறியப்பட்டது. உறுதிமொழி காற்றில் பறந்தது. 1876 ஜூன் மாதத்தில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் கஸ்டரின் படையை முறியடித்தோருள் முதன்மையானவர் ஒக்லாலா வீரர் கிரேசி ஹார்ஸ். மறு ஆண்டு மே மாதத்தில், பசியால் வாடிய தம் மக்களோடு சரணடைந்த அவர், செப்டம்பரில் ராபின்சன் கோட்டையில் குத்திக் கொல்லப்பட்டார். அதே 1877இல், ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினரின் ஒப்பத்தை மட்டும் காட்டி அரசு கருங்குன்றுகளைப் பறித்துக்கொண்டது.

1868க்குப் பின் ரெட் கிளவுட் படைக்கலம் ஏந்தவில்லை. வாஷிங்டனுக்குப் பலமுறை சென்று வாதாடினார். 1909இல் பைன் ரிட்ஜில் மறைந்தார். இதனால் ஒருவரை மாவீரர் என்றும் மற்றவரைப் பணிந்துபோனவர் என்றும் தரம் பிரிப்போர் உளர். இது நேர்மையான மதிப்பீடு அன்று. 1980இல் உச்ச நீதிமன்றம் 10 கோடி டாலருக்கும் மேற்பட்ட இழப்பீட்டை உறுதிசெய்தபோது, வழக்கின் அடித்தளமாக நின்றது ரெட் கிளவுட் ஒப்பமிட்ட அதே ஒப்பந்தமே. களத்தில் நின்றவரின் வீரமும் ஏட்டில் உரிமையைப் பதித்தவரின் தொலைநோக்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை.

அந்தப் பணத்தை அம்மக்கள் இன்றுவரை ஏற்கவில்லை. வட்டியோடு அது 100 கோடி டாலரைக் கடந்துவிட்டது. வறுமை சூழ்ந்த நிலையிலும், புனித மண் விற்பனைக்கு அன்று என்பதே அவர்களின் விடை.

குடியேறிய நாட்டின் வரலாற்றை வென்றோரின் ஏடுகளில் மட்டும் கற்கும் தலைமுறை பாதி வரலாற்றையே அறியும். அடுத்த முறை ரஷ்மோர் மலைக்குச் செல்லும் பெற்றோர், அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத பைன் ரிட்ஜுக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லட்டும். மீதிப் பாதி அங்கே இருக்கிறது.