அவரால் வர முடியாது, நாம் போவோம்

படைத் தோழர்களே!

நவம்பர் என்றால் உயிர்வாழ் சான்று. கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுபோகும். நமக்கு அது கேன்டீனுக்குப் போகிற வழியில் முடிந்துவிடும் வேலை. முதுகெலும்பில் குண்டு பாய்ந்து இடுப்புக்குக் கீழே உணர்வற்றுக் கிடப்பவர் எப்படிக் கொடுப்பார்? இரு கண்ணும் இழந்தவர் எப்படிக் கொடுப்பார்? ரேகைக் கருவியில் வைக்க விரல்களே இல்லாதவர் என்ன செய்வார்?

நூறு சதவீதம் ஊனமுற்று வீடு திரும்பிய வீரருக்கு இந்த நாடு சட்டப்படி பல உரிமைகளை வைத்திருக்கிறது. ஆனால் அவை ஒவ்வொன்றையும் அவரே விண்ணப்பம் போட்டுக் கேட்க வேண்டும் என்றும் வைத்திருக்கிறது. படுக்கையை விட்டு எழ முடியாதவரிடம் படிவம் கேட்கிறார்கள். அந்த இடைவெளியில்தான் நம் தோழர்களின் பணம் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. அதை மீட்கும் வேலை நம்முடையது. அதற்காகத்தான் இந்த அழைப்பு.

முதலில் அவருடைய ஓய்வூதிய ஆணையை, அதாவது பி.பி.ஓ.வை, வாங்கிப் படியுங்கள். ஊன ஓய்வூதியத்துக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று சர்வீஸ் எலிமென்ட், மற்றொன்று டிஸபிலிட்டி எலிமென்ட். நூறு சதவீத ஊனத்துக்கு டிஸபிலிட்டி எலிமென்ட் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். போர்முனையிலோ எல்லைச் சண்டையிலோ காயம்பட்டு வெளியேற்றப்பட்டவருக்கு அதற்குப் பதிலாக வார் இன்ஜுரி எலிமென்ட் 100 சதவீதம். கடைசிச் சம்பளம் 30,000 ரூபாய் என்றால் முன்னது 9,000, பின்னது 30,000. இரண்டின் மீதும் அகவிலைப்படி ஏறும். எதிரியின் தாக்குதலில் காயம்பட்டவருக்கு ‘ஈ’ வகை என்று எழுத வேண்டிய இடத்தில் பணி விபத்துக்கான ‘சி’ வகை என்று எழுதியிருந்தால், அந்த ஒரு எழுத்தால் ஒரு குடும்பம் மாதாமாதம் அந்தத் தொகையில் பாதிக்கு மேல் இழக்கிறது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அந்த எழுத்தைப் பாருங்கள்.

அடுத்தது சதவீதம். மெடிக்கல் போர்டு 80 என்று எழுதியிருந்தால் 80-க்குத்தான் பணம் என்று நம்மில் பலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியில்லை. 76 முதல் 100 வரை எதுவானாலும் 100 என்றே கணக்கிட வேண்டும். 50 முதல் 75 வரை 75; அதற்குக் கீழே 50. ஊனத்தால் பணியிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்கு 1996 ஜனவரி 1 முதல் இந்த விதி உண்டு. பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இது உரியது என்று 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பு வந்து இத்தனை காலமாகியும் பழைய சதவீதத்திலேயே பென்ஷன் வாங்கும் ஒருவர் உங்கள் ஊரில் இருக்கக்கூடும். அவருக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் ஒரே காரணமாக இருக்கும்.

நிரந்தரமாக ஒருவர் கூடவே இருந்து கவனிக்க வேண்டிய நிலையில் உள்ள நூறு சதவீத ஊனமுற்றவருக்கு, மெடிக்கல் போர்டின் பரிந்துரையோடு, உதவியாளர் படி தனியாக உண்டு. 2017 ஜூலை முதல் அது மாதம் 6,750 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. அகவிலைப்படி 50 சதவீதம் ஏறும்போதெல்லாம் அது கால் பங்கு கூடும். தோழர்களே, இந்தப் படியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அந்த வீடுகளில் உதவியாளர் யார்? மனைவிதான். இரவில் இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பவர் அவர். சிறுநீர்ப் பையை மாற்றுபவர் அவர். ஒரு கல்யாணம், ஒரு சாவுக்குக்கூடப் போக முடியாமல் இருபது, முப்பது ஆண்டுகளாக அந்த அறைக்குள் டியூட்டி பார்ப்பவர் அவர். நமக்குப் பதக்கம் கொடுத்தார்கள். அவருக்கு இந்தப் படி ஒன்றுதான் அரசு கொடுத்த அங்கீகாரம். அதுவும் பரிந்துரைப் பத்தியில் எவரோ ‘இல்லை’ என்று குறித்ததால் வராமல் போயிருந்தால், நாம் சும்மா இருப்பதா? வெளியே வந்தபின் நிலைமை மோசமாகியிருந்தால் மறுமதிப்பீட்டு மெடிக்கல் போர்டு கேட்க உரிமை உண்டு. விண்ணப்பத்தை நாமே எழுதுவோம். கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ மட்டும் அவர் வைக்கட்டும்.

‘என்.ஏ.என்.ஏ.’ என்ற முத்திரையை நமக்குத் தெரியும். பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை என்று எழுதிக் கைகழுவும் முத்திரை அது. மனநோய், வலிப்பு, இதயநோய், சர்க்கரை என்று வெளியேற்றப்பட்ட நூற்றுக்கணக்கானோர் தலையில் இது விழுந்திருக்கிறது. 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் நேராகவே சொன்னது: ஆள் எடுக்கும்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், அவர் நல்ல உடம்போடுதான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும், இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்துடையது. அடுத்த ஆண்டே சுக்விந்தர் சிங் வழக்கில், ஊனம் என்று சொல்லி வெளியேற்றினாலே அது 20 சதவீதத்துக்கு மேல் என்றுதான் கருத வேண்டும் என்றும் தீர்ப்பு வந்தது. தலையெழுத்து என்று உட்கார்ந்திருக்கும் தோழரிடம் இந்த இரண்டு வழக்கின் பெயரையும் சொல்லுங்கள். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. வக்கீல் செலவுக்குப் பயந்தால், படைவீரர் குடும்பங்களுக்கு இலவச சட்ட உதவி தரும் திட்டத்தை 2025 ஜூலை 26 அன்று தேசிய சட்டப்பணிகள் ஆணையம் தொடங்கியிருக்கிறது. சைனிக் போர்டில் கேளுங்கள்.

தாமதம் நம்மை எப்படித் தின்கிறது என்பதற்கும் ஒரு வழக்கு உண்டு. 1983-இல் ஊனத்தால் வெளியேற்றப்பட்ட தர்செம் சிங், 1999-இல்தான் நீதிமன்றம் போனார். உரிமை உண்டு என்றார்கள். ஆனால் நிலுவைத் தொகையை, வழக்குப் போட்டதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சுருக்கிவிட்டது. பதிமூன்று ஆண்டுப் பணம் போயே போனது. இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டித்தான் இன்றும் நிலுவையை வெட்டக் கேட்கிறார்கள். ஆகவே அடுத்த மாதம், அடுத்த தீபாவளி என்று தள்ளாதீர்கள்.

இனி குடும்பம். வீரர் கண்மூடிய பிறகு ஊன ஓய்வூதியம் அப்படியே மனைவிக்குத் தொடரும் என்று நினைத்திருக்கும் வீடுகள் ஏராளம். தொடராது. சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் 30 சதவீதம்தான். பணியால் வந்த அந்த ஊனமே மரணத்துக்குக் காரணம் என்று ஏற்கப்பட்டால் 60 சதவீதம் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் கேட்க வழி இருக்கிறது. மருத்துவச் சான்றில் மரணக் காரணம் எப்படி எழுதப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. துக்க வீட்டில் அந்தப் பெண்ணால் அதைக் கவனிக்க முடியாது. நாம் கவனிக்க வேண்டும். மனைவியின் பெயர், பிறந்த தேதி ஆதாரில் ஒன்றும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒன்றுமாக இருந்தால் வீரர் உயிரோடு இருக்கும்போதே ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதித் திருத்துங்கள். மனவளர்ச்சி குன்றிய அல்லது ஊனமுற்ற, சம்பாதிக்க இயலாத பிள்ளை இருந்தால், வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் அந்தப் பிள்ளைக்கு உண்டு. அந்தப் பெயரை இன்றே பதிவு செய்யச் சொல்லுங்கள்.

படிக்கிற பிள்ளைகளுக்குப் பிரதமர் கல்வி உதவித்தொகை இருக்கிறது: தொழிற்கல்வியில் சேரும் பெண் பிள்ளைக்கு மாதம் 3,000, ஆண் பிள்ளைக்கு 2,500. போரில் ஊனமுற்றவரின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை உண்டு. ஹவில்தாரும் அதற்குக் கீழும் உள்ளவர்களின் குடும்பத்துக்குக் கல்வி உதவி மாதம் 2,000, மகள் திருமணத்துக்கு ஒரு லட்சம் என 2025 நவம்பர் முதல் இரட்டிப்பாக்கியிருக்கிறார்கள். செயற்கைக் கால் தேய்ந்துவிட்டதா? புனேயில் 1944 முதல் செயற்கை உறுப்பு மையம் இயங்குகிறது. அதே ஊரின் கிர்க்கியில் முதுகுத்தண்டு முறிந்த வீரர்களுக்கான மறுவாழ்வு இல்லம் 1974 முதல் இருக்கிறது. 1965 போரில் குண்டடிபட்டு ஊனமுற்ற முரளிகாந்த் பேட்கர், 1972-இல் ஹைடல்பர்க்கில் நீச்சலில் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கம் அது. நம் தோழர்களுக்குள்ளும் அந்த வலு இருக்கிறது. கை கொடுக்க ஆள்தான் வேண்டும்.

ஆகவே படைவீரர் ஊரான கம்மவான்பேட்டை முதல் கன்னியாகுமரி வரை உள்ள ஒவ்வொரு முன்னாள் படைவீரர் சங்கத்தையும் கேட்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை கூடுங்கள். உங்கள் வட்டாரத்தில் வீட்டோடு கிடக்கும் ஊனமுற்ற தோழர்களின் பெயர்களை எழுதுங்கள். கிளர்க்காக இருந்தவர் ஒருவர், மெடிக்கல் கோரில் இருந்தவர் ஒருவர், ஸ்மார்ட்போன் தெரிந்த இளையவர் ஒருவர் என மூவரை ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்புங்கள். ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே உயிர்வாழ் சான்று பதிவு செய்யலாம், விரலே தேவையில்லை. ஸ்பர்ஷ் ஓய்வூதிய இணையதளத்தில் அவர் கணக்கைத் திறந்து கொடுங்கள். பி.பி.ஓ., டிஸ்சார்ஜ் புத்தகம், மெடிக்கல் போர்டு நகல் மூன்றையும் படமெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். போர்டு நகல் இல்லாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் அன்றே மனு எழுதுங்கள். கிளம்புமுன் அந்த வீட்டு அம்மாவிடம் உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுங்கள். அவர் கூப்பிடும்போது எடுங்கள்.