பூட்டிய வீட்டில் ஒரு நீச்சல்குளம்

குளச்சலைச் சுற்றியுள்ள ஊர்களில் இப்போது எழும் பெரிய வீடுகளின் வரைபடங்களில், பின்கட்டை ஒட்டி ஒரு நீலச் செவ்வகத்தை நாம் காணத் தொடங்கியிருக்கிறோம். வளைகுடாவிலோ கப்பலிலோ இருபது ஆண்டுகள் உழைத்த ஒருவர் தம் வீட்டில் நீச்சல்குளம் வேண்டுமென்று விரும்பினால், அதை எள்ளி நகையாட நமக்கு உரிமையில்லை. தம் பணம், தம் நிலம், தம் ஆசை. ஆயினும் இந்த ஆசையின் கணக்கை எவரும் முழுமையாகப் போட்டுக் காட்டுவதில்லை என்பதே நம் குறை. ஒப்பந்தக்காரர் கட்டும் செலவைச் சொல்வார். கட்டி முடித்த மறுநாள் தொடங்கும் செலவைச் சொல்லும் பொறுப்பு அவருடையதன்று.

அக்கணக்கைச் சற்றே போட்டுப் பார்ப்போம். எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம் என்று கொண்டால் ஏறத்தாழ 45,000 லிட்டர் நீர் வேண்டும். 12,000 லிட்டர் கொள்ளும் லாரியில் நான்கு நடை. இதோடு முடிந்ததென்று எண்ணுவோர் வெயிலை மறந்துவிடுகிறார்கள். கோடையில் நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் நீர் ஆவியாகும் என்று எளிய மதிப்பீடாகக் கொண்டாலும், 32 சதுர மீட்டர் பரப்பிலிருந்து 160 லிட்டர் போய்விடும். நகரத்து மனிதர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டின் குடிநீர்த் திட்டங்கள் வைத்திருக்கும் அளவு. சிற்றூர்களுக்கு 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் வைத்த அளவோ 55 லிட்டர்தான். ஆக, ஒருவரும் இறங்கிக் குளிக்காத நாளிலும் அந்தக் குளம் ஒரு நகரவாசியின் பங்கை, அல்லது சிற்றூரார் மூவரின் பங்கை, வானத்துக்குக் கொடுத்துவிடுகிறது.

பின்னர் மின்சாரம். குளத்து நீர் முழுவதும் நாளுக்கு ஒருமுறையேனும் மணல் வடிகட்டி வழியாகச் சுற்றிவர வேண்டும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் எட்டு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய எட்டு யூனிட். இரண்டு மாதக் கணக்கெடுப்பில் 480 யூனிட். அளவு ஏற ஏற விலையும் ஏறுகிற கட்டண முறையில் இது வீட்டின் மற்ற விளக்குகளையும் விசிறிகளையும் மேற்படிக்கு இழுத்துச் சென்றுவிடும்.

குளோரின் இன்னொரு கதை. நீரில் லிட்டருக்கு ஒன்று முதல் மூன்று மில்லிகிராம் வரை அது நிற்க வேண்டும்; கார அமில நிலை 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் இருக்க வேண்டும். நேர்வெயிலில் குளோரின் ஓரிரு மணி நேரத்தில் பெரும்பகுதி அழிந்துபோகும். அதைக் காக்க சயனூரிக் அமிலம் கலக்கிறார்கள். அந்த அமிலமோ அழியாமல் தேங்கித் தேங்கி, ஒரு கட்டத்தில் குளோரினையே வேலை செய்யவிடாது. அப்போது நீரில் ஒரு பகுதியைக் கொட்டிவிட்டுப் புதுநீர் விடுவதே நடைமுறையில் வழி. மருந்துக்கு மருந்து என்று நம் பாட்டிமார் சொல்லும் கதைதான். கடற்காற்றின் உப்பு இரும்பைத் தின்பதையும் கிணற்று நீரின் கடினம் ஓடுகளில் படிவதையும் தனியே சொல்ல வேண்டியதில்லை. இவ்வூரில் வீடு வைத்திருப்போர் அறிந்ததே.

இவையெல்லாம் பணத்தால் தீரும் செலவுகள். நாம் அஞ்சுவது வேறொன்றை. நீச்சல்குளத்தை நிறுத்தி வைக்க முடியாது. காரை ஓட்டாமல் கொட்டகையில் விடலாம். மாடி அறையைப் பூட்டிச் சாவியைக் கொண்டு போகலாம். குளத்தை அப்படி விட்டால் இரண்டு மூன்று நாளில் பச்சை பிடிக்கும், ஒன்றிரண்டு வாரத்தில் கொசு பெருகும். சரி, நீரை வடித்துக் காலியாக விடலாமே என்பீர்கள். அதுவும் ஆகாது. இரு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. நிலத்தடி நீர் மேலேறும்போது, காலியான காங்கிரீட் தொட்டியைக் கீழிருந்து படகைப் போலத் தூக்கும். தளம் வெடிக்கும், சில வேளைகளில் தொட்டியே மேலெழும்பிவிடும். உள்ளிருக்கும் நீரின் எடைதான் குளத்தை மண்ணில் அமர்த்தி வைத்திருக்கிறது. ஆகவே ஆண்டு முழுதும் நீர் இருந்தாக வேண்டும். நீர் இருந்தால் ஆண்டு முழுதும் ஒருவர் பார்த்தாக வேண்டும்.

யார் அந்த ஒருவர்? இங்கேதான் நம் பகுதியின் துயரம் தொடங்குகிறது. நீச்சல்குளம் கட்டக்கூடிய வசதி படைத்தவர்கள், பெரும்பாலும் ஆண்டில் பதினொரு மாதம் இங்கே இல்லாதவர்கள். நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் எழுபதைக் கடந்த தாயார் நாள்தோறும் காலையில் நீண்ட கம்பு வலையோடு நின்று மாவிலைகளை அரித்தெடுக்கிறார். மகனும் மருமகளும் பேரப் பிள்ளைகளும் வந்து குளிப்பது கோடை விடுப்பின் இருபது நாட்கள். மற்ற நாட்களில் அம்முதியவர் அந்த நீருக்குப் பணிவிடை செய்கிறார். அவர் ஒருநாளும் அதில் காலை நனைத்ததில்லை. மகன் தொலைபேசியில் முதலில் கேட்பது, நீர் என்ன நிறத்தில் இருக்கிறது என்பதாம். மூட்டுவலியைப் பற்றிய கேள்வி அதற்குப் பின்னர் வரும்.

வீட்டுக்கொரு குளம் என்பது நமக்குப் புதிதன்று என்றும் ஒரு வாதம் உண்டு. உண்மைதான். பழைய திருவிதாங்கூரின் தறவாடுகள் பலவற்றில் சொந்தக் குளம் இருந்தது. தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனையிலும் படியிறங்கிச் செல்லும் நீராடற்குளம் ஒன்றுண்டு. 1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போகும்வரை அது மன்னர் இருந்த வீடு. ஆனால் அந்தக் குளங்களின் கட்டுமானமே வேறு. கரையை வெட்டுக்கல்லால் கட்டினார்கள்; அடியை மண்ணாக விட்டார்கள். நிலத்தடி நீர் ஏறினால் குளமும் ஏறும், இறங்கினால் இறங்கும். எதிர்த்து நிற்க ஒன்றுமில்லாததால் வெடிக்கவும் ஒன்றுமில்லை. மீனும் தவளையும் கொசுப்புழுவைத் தின்றன. கோடையில் தூர் வாரிய சேறு தென்னை விளைக்கு உரமாயிற்று. இன்றைய வடிகட்டியைக் கழுவி வெளியேற்றும் குளோரின் நீரை எந்தச் செடிக்கு ஊற்றுவது? பழைய குளத்தின் பராமரிப்பு ஏதோ ஒன்றைத் திருப்பிக் கொடுத்தது. அந்த வேலையைச் செய்த கைகள் யாருடையவை, அவர்களில் எத்தனை பேர் அந்தப் படியில் இறங்கிக் குளிக்க முடிந்தது என்ற கேள்வியையும் நாம் மறைக்க விரும்பவில்லை. தறவாட்டுக் குளத்தைப் பொற்காலமாகக் காட்டுவது நம் நோக்கமன்று.

புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் பாட்டை இலக்கியம் பயின்றோர் மறந்திருக்க மாட்டார்கள். தண்டூன்றி இருமலுக்கிடையே பேசும் முதியவர், மருத மரக்கிளையிலிருந்து ஆழ்நீரில் குதித்து அடிமணலை அள்ளிவந்து காட்டிய இளமையை நினைத்து இரங்குகிறார். அந்த நீர் அவருடையதாக இருக்கவில்லை. கரையில் நின்று வியந்தவர்கள் இருந்தார்கள். வள்ளுவர் ஒப்புரவறிதலில் செல்வத்துக்கு உவமையாகக் காட்டுவதும் ஊருணியைத்தான்; வேலியிட்ட குளத்தை அன்று.

கடலை ஒட்டி வாழும் ஊருக்கு நீச்சல்குளம் எதற்கு என்ற கேலியையும் நாம் ஏற்கவில்லை. 2004 டிசம்பர் 26-இல் இக்கரை நூற்றுக்கணக்கான உயிர்களை இழந்தது. அதன்பின் பிள்ளையைக் கடலுக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரின் மனம் நமக்குப் புரிகிறது. அமெரிக்க எழுத்தாளர் ஜோன் டிடியன், கலிபோர்னியாவின் நீச்சல்குளங்களைச் செல்வத்தின் அடையாளமாக அல்லாமல், கட்டுக்கடங்காத ஒன்றைக் கட்டுக்குள் வைக்கும் ஆசையின் அடையாளமாகக் கண்டார். அந்தச் சொல் குளச்சலுக்குக் கூடுதலாகவே பொருந்தும். ஆனால் அச்சம் தெருவுக்கே பொதுவாக இருக்க, நீந்தக் கற்கும் நீர் மட்டும் ஏன் ஒரு மதிலுக்குள் இருக்க வேண்டும்?

நீர் வீணாகிறது என்ற வாதத்தை மட்டும் நாம் பெரிதாக்க மாட்டோம். ஓர் ஏக்கர் நெல் ஒரு பூவில் குடிக்கும் நீர் பல லட்சம் லிட்டர்; அதன்முன் 45,000 சிறு அளவு. நெல் சோறாகிறது என்ற வேறுபாடு இருக்கிறது, ஆயினும் எண்ணில் நேர்மை வேண்டும். கடலோரத்தில் ஆழ்துளைக் கிணற்றால் நிரப்புவது மட்டும் வேறு கணக்கு. நன்னீரை இழுக்க இழுக்க உப்புநீர் உள்ளே நகரும்; அது அண்டை வீட்டுக் கிணற்றைக் கேட்டுக்கொண்டு நகர்வதில்லை.

குமரி மாவட்டத்தில் குளங்களுக்குப் பஞ்சமில்லை. சுசீந்திரம் தேரூர்ப் பகுதி 2022-இல் ராம்சர் ஈரநிலமாகவே அறிவிக்கப்பட்டது. ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கும் ஒரு சிறு ஊர்க்குளத்தைத் தூர் வாரி, ஒரு பக்கம் ஆழம் குறைந்த படித்துறை கட்டி, நீச்சல் சொல்லித்தர இருவரை அமர்த்தினால் என்ன? பத்து வீட்டார் தங்கள் பின்கட்டில் செலவிட எண்ணும் தொகையைச் சேர்த்தால் அது நடக்கக்கூடியதே. அதற்கு ஊராட்சியின் இசைவு வேண்டும், கூட்டம் போட வேண்டும், சண்டை வரும், அறிவோம். அதுவரையில், வரைபடத்தை மேசைமேல் விரித்து வைத்திருக்கும் நண்பர்களிடம் நாம் கேட்பது ஒன்றே. கட்டும் முன் வீட்டிலுள்ள அம்மாவிடம், அந்த வலையை அவர் பிடிப்பாரா என்று கேட்டுவிடுங்கள்.