புற்றுநோயும் புரோகிதமும்

புற்றுநோய் பூர்வஜென்ம பாவத்தினால் வருகின்றது என்று இன்னமும் நமது ஊர்களில் சொல்லப்பட்டு வருகின்றது. பேச்சோடு நின்றாலும் பாதகமில்லை. பரிகாரம், ஹோமம், தீர்த்த யாத்திரை என்று மாதங்களைக் கழிக்கச்செய்து, கட்டி முற்றிய பிறகே நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகின்றார்கள். இதைக் கொலை என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்லுவது?

நிற்க, உடலுக்குள் உண்மையில் நடப்பதென்ன? நமது இரத்தத்தில் 'டி' அணுக்கள் என்கின்ற வெள்ளணுக்கள் உண்டு. கெட்டுப்போன அணுக்களைக் கொல்லுவது அவற்றின் வேலை. அவை அளவு மீறிச் சொந்த உடலையே அழித்துவிடாதபடி அவற்றின்மேல் சில தடைகளும் இருக்கின்றன. புற்றுக்கட்டியானது அந்தத் தடையை அழுத்திப் பிடித்துக்கொள்ளுகின்றது. சேவகன் திருடன் எதிரிலேயே நின்றும், 'தொடாதே' என்கின்ற சமிக்ஞையைக் கண்டு சும்மா இருந்துவிடுகின்றான். ('சாஸ்திரம்' என்றதும் நம் ஜனங்களின் அறிவு அடங்கிப்போவதும் இப்படித்தானே!)

இந்தச் சூதைக் கண்டுபிடித்தது எந்த ரிஷி? அமெரிக்காவில் ஜேம்ஸ் அலிசன் என்பவர், சிறு வயதிலேயே தாயாரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். டெக்சாஸ் பள்ளிக்கூடத்தில் டார்வின் கொள்கையைச் சொல்லித்தராத உயிர்நூல் வகுப்புக்கே போகமாட்டேன் என்ற பிள்ளை! அவர் 1990-களில் சிடிஎல்ஏ-4 என்ற தடையை மறித்து எலிகளின் கட்டி கரைவதைக் காட்டினார். ஜப்பானில் தசுக்கு ஹோஞ்சோ கூட்டத்தார் 1992-ல் பிடி-1 என்ற மற்றொரு தடையைக் கண்டறிந்தார்கள். 2011-ல் அமெரிக்காவில் முதல் மருந்து அனுமதியாயிற்று. 2018-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

மாஜி ஜனாதிபதி கார்ட்டருக்கு 2015-ல் தோல் புற்றுநோய் மூளைவரை பரவியிருந்தது. அவர் ஞாயிறுதோறும் வேதபாடம் நடத்திய பக்தர்தான். ஆனாலும் கதிர்வீச்சையும் பிடி-1 தடையை மறிக்கும் மருந்தையுமே பெற்று, 2024-ல் 100-வது வயதில் காலமானார். ஜெபந்தான் பிழைப்பித்தது என்பார்களானால், ஜெபம் புதிதாய் வந்ததா? முன்பெல்லாம் அந்நிலையை அடைந்தவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களில் மாண்டதேன்?

இம்மருந்து எல்லோருக்கும் பலிக்கின்றதா என்றால், இல்லை. அநேகருக்குப் பலிப்பதில்லை. தடை நீங்கிய அணுக்கள் குடலையும் ஈரலையும் தாக்குவதும் உண்டு. இதை டாக்டர்களே அச்சிட்டு ஒப்புக்கொள்ளுகின்றார்கள். பலிக்காத ஹோமங்கள் எத்தனை என்று எந்தப் புரோகிதராவது கணக்கு வெளியிட்டதுண்டா?

விலையோ ஏழைக்கு எட்டாதது. அதைக் குறைக்கும்படி சர்க்காருக்கும் மருந்துக் கம்பெனிகளுக்கும் தீர்மானம் செய்து அனுப்ப வேண்டியது நமது சங்கங்களின் வேலையாகும்.