மனநோய்க்கு மருந்திடுவோரைத் தனியே விட்டது யார்?

அண்மைக் காலமாக நம் ஜமாஅத்துகளில் மனநல விழிப்புணர்வுக் கூட்டங்கள் பெருகிவிட்டன. மண்டபம் பிடிக்கிறோம், சென்னையிலிருந்து பேச்சாளரை வரவழைக்கிறோம், பொன்னாடை போர்த்தி, பிரியாணி உண்டு, கலைகிறோம். மறுநாள் காலையில் மேலூரிலோ உசிலம்பட்டியிலோ, வாழ விருப்பமற்று வந்து அமரும் ஓர் இளம்பெண்ணின் எதிரே இருக்கும் ஆலோசகருக்கு, 'நான் எடுத்த முடிவு சரிதானா?' என்று கேட்க ஓர் ஆள் கிடையாது. நோயாளியின் துயரைப் பேசிவிட்டோம். குடும்பத்தார் நோயை மறைப்பதைக் கண்டித்துவிட்டோம். சிகிச்சை அளிப்பவரின் தனிமையை மட்டும் எந்த மேடையிலும் பேசியதில்லை. அது அவருடைய சொந்த விவகாரம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். நம் பிள்ளைகளின் உயிர் அதில் அடங்கியிருக்கிறது.

அறுவை அரங்கில் ஒருவர் கை தவறினால் அருகில் நிற்கும் நால்வர் காண்கின்றனர். மனத்துக்கு வைத்தியம் செய்பவரோ கதவைச் சாத்திக்கொண்டு நோயாளியுடன் தனித்து அமர்கிறார். அங்கே நிகழும் தவறு நோயாளிக்கும் தெரியாது. பல வேளைகளில் செய்தவருக்கும் தெரியாது. ஒரே நாளில் பத்துப் பேரின் அழுகையைக் கேட்டவர், பதினோராவது நபரிடம் எரிந்து விழுவார். அல்லது செவி கொடாமல் தலையை மட்டும் ஆட்டுவார். சக பணியாளர் ஒருவர் எடுத்துச் சொன்னாலன்றி இதை அவர் உணர்வது அரிது. 1950களில் லண்டனில் மைக்கேல் பாலின்ட் பொது மருத்துவர்களை வட்டமாக அமர்த்தி, தம் மனத்தை உறுத்தும் நோயாளிகளைப் பற்றிப் பேசச் செய்தது இதற்காகவே. 2003இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் கல்லீரல் மருத்துவர் சஞ்சீவ் அரோரா, தொலைதூரச் சிற்றூர் மருத்துவர்களைக் காணொளி வழியாக இணைத்து, அவரவர் நோயாளியை முன்வைத்துக் கலந்து கற்கும் 'எக்கோ' முறையைத் தொடங்கினார். பெங்களூரு நிம்ஹான்ஸ் அம்முறையிலேயே சத்தீஸ்கர் மருத்துவர்களுக்கு மனநலப் பயிற்சி அளித்தது.

மேனாட்டுச் சரக்கு என்று முகம் சுளிப்போர் நம் வரலாற்றைப் புரட்டட்டும். மருத்துவ மேதை அர்ராஸீயின் மஜ்லிஸ் எவ்வாறு நடந்தது என்பதை இப்னு நதீம் பதிந்துவைத்திருக்கிறார். மாணவர்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருப்பர். வந்த நோயாளியை முதல் வரிசையினர் விசாரிப்பர். அவர்களுக்குப் பிடிபடாவிடில் அடுத்த வரிசை. அவர்களும் திகைத்தால் மட்டுமே ராஸீ வாய் திறப்பார். நூருத்தீன் ஸங்கி 1154இல் டமாஸ்கஸில் நிறுவிய மருத்துவமனையில், அபுல் மஜ்த் என்ற தலைமை மருத்துவர் நோயாளிகளைப் பார்வையிட்ட பின் பெருங்கூடத்தில் அமர்வார். மருத்துவர்கள் சூழ்ந்தமர்ந்து மூன்று மணி நேரம் ஆய்ந்து பேசுவர். இம்மருத்துவமனைகளைச் சொல்லி மேடையில் பெருமை பேசத் தெரிந்த நமக்கு, அங்கிருந்தோர் ஒருவரையொருவர் கேட்டு நடந்தனர் என்பது மட்டும் கண்ணில் படவில்லை.

கேட்டு நடக்க ஆளில்லாத பராமரிப்பு எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு வெளியூர்ச் சான்றும் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ஏர்வாடியில் மனநோயாளர் இல்லம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியில் பிணைத்திருந்ததால் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அறவே தடுத்துவிட்டது. ஆனால் சட்டம் கையைக் கட்டலாம், கற்றுத்தர இயலுமா? கட்டிப்போடுவதைத் தவிர வேறு வழி அறியாதவரிடம் நம் உறவுகளை ஒப்படைத்தோம். வேறு வழி அறிந்தவரை அவர் அருகில் அமர்த்த நாம் முயலவில்லை.

பின்னர் அதே ஏர்வாடி தர்காவில் 'தவா–துஆ' என்ற பெயரில், துஆவைத் தடுக்காமல் மருந்தையும் கொடுக்கும் அரசுத் திட்டம் வந்தது. குஜராத்தின் உனாவாவிலுள்ள மீரா தாத்தார் தர்காவில், நோய்க்குறி கண்டு மருத்துவரிடம் அனுப்புமாறு முஜாவர்களே பழக்கப்பட்டனர். (தர்காவுக்குச் செல்வது கூடுமா கூடாதா என்ற வழக்கை நாம் இங்கு எடுக்கவில்லை, அதற்கு மேடைகள் ஏராளம்.) மருத்துவரும் ஓதிப்பார்ப்பவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்க இயலும் என்பதே இங்கே நமக்கு வேண்டிய செய்தி.

மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பணிபுரியும் மனநல மருத்துவர், உளவியலாளர், செவிலியர், பள்ளி ஆலோசகர், ஓதிப்பார்க்கும் ஆலிம் ஆகியோர் மாதம் இருமுறை ஒன்றுகூடி, தாம் கையாளும் கடினமான நிலைகளைக் கலந்து பேசும் வட்டம் ஒன்று வேண்டும் என்கிறோம். நம்மவர் மட்டுமல்லர், எச்சமயத்தவரும் வரட்டும். பெண் ஆலோசகருக்கு அங்கே இடமுண்டா என்று எவரும் தொடங்க வேண்டாம். நம் பெண்கள் மனம் திறப்பது அவர்களிடமே.

'அப்படியானால் அமானிதம் என்னாவது, இது புறம் பேசுதல் ஆகாதா?' என்பார்கள். நியாயமான அச்சமே. ஆனால் புறம் கூடும் ஆறு சந்தர்ப்பங்களை இமாம் நவவீ (ரஹ்) பட்டியலிட்டுள்ளார். தீர்வு வேண்டிக் கேட்பது அவற்றுள் ஒன்று. ஹிந்த் (ரலி) தம் கணவர் செலவுக்குத் தாராளமாகத் தராததை நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டு வழி கேட்டது அதற்குச் சான்று. அந்தரங்கம் காக்கும் கடமையைச் சட்டமும் விதிக்கிறது. ஆகவே பெயரும் குடும்பமும் ஊரும் நீக்கியே பேச வேண்டும். மதுரையில் தெருப் பெயரைச் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவர் என்பதால் தெருவும் கூடாது.

நாம் அஞ்ச வேண்டியது வேறொருவரை. சில வாரச் சான்றிதழைச் சுவரில் மாட்டி, 'இஸ்லாமிய கவுன்சலிங்' என்று பலகை வைத்து, யாரிடமும் எதையும் கேளாமல் தீர்ப்புச் சொல்பவரை. மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிந்தாக வேண்டும். வெறும் 'ஆலோசகர்' பலகையை நடைமுறையில் எவரும் தடுப்பதில்லை. ஒரு ஹதீஸ் சொன்னால் அறிவிப்பாளர் தொடர் என்ன என்று கேட்கும் சமுதாயம், மகனை அழைத்துச் செல்லும் அறையில், 'உங்களுக்கு ஐயம் வந்தால் யாரிடம் கேட்பீர்கள்?' என்று ஏன் கேட்பதில்லை? அதற்கு விடையில்லாதவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

செலவைக் காரணம் காட்ட இயலாது. மாநாட்டுப் பந்தலுக்குக் கொடுப்பதில் ஒரு துளி போதும். நம் பள்ளிவாசல்களின் மேல்மாடி அறைகள் வார நாட்களில் பூட்டிக் கிடக்கின்றன. தேவைப்படுவது ஓர் அறைச் சாவி, தேநீர், வெளியூரிலிருந்து வருவோருக்குப் பேருந்துக் கட்டணம். அடுத்த ஜமாஅத் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வையுங்கள். மறுக்கும் நிர்வாகம் காரணத்தை எழுத்தில் தரட்டும்.